எவால்டின் நீலக்கோஸ்

சிலேசியாவின் சுரங்க ஊர் ஒன்றில், தொழிலாளர்கள் காய்கறி போட ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்த விடியல் தோட்டத்தில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். நாற்பத்தேழாவது துண்டு எவால்ட் மோச்கோவுடையது. நாற்பத்தெட்டாவது ஹூபர்ட் பிகாவுடையது. நடுவில் இடுப்பளவுக் கம்பிவேலி. இரண்டும் முந்நூற்று இருபது சதுர மீட்டர். இரண்டிலும் ஒரே வெளிறிய மணல், ஒரே மழை, ஒரே வெயில். இவ்வளவும் ஒன்றாக இருந்தும் வேலிக்கு அந்தப் பக்கம் விளைவது இந்தப் பக்கம் விளையவில்லையே என்பதுதான் எவால்டைப் பத்தொன்பது ஆண்டுகளாக அரித்துக்கொண்டிருந்தது.

மண் விஷயத்தில் மட்டும் அவருக்கு அந்த அரிப்பு வந்துவிடவில்லை. இருவரும் 1941இல் ஒரே தெருவில், எதிரெதிர் வீடுகளில் பிறந்தவர்கள். பதினேழு வயதில் இருவரும் சேர்ந்துதான் சுரங்கத்துக்கு வேலை கேட்டுப் போனார்கள். எவால்டின் இடது காதில் சீழ் இருந்ததைப் பார்த்த மருத்துவர், இவரைக் கீழே இறக்கக்கூடாது என்று எழுதிவிட்டார். ஹூபர்ட் கீழே போனார். எவால்ட் மேலேயே, கீழே இறங்குபவர்களுக்கு விளக்குக் கொடுக்கும் விளக்கறையில் உட்கார்ந்தார். அடுத்த முப்பத்துமூன்று ஆண்டுகள் ஹூபர்ட் ஜன்னலுக்கு முன்னால் வந்து கையை நீட்டுவார். எவால்ட் முந்நூற்றுப் பதினெட்டாம் எண் விளக்கை எடுத்துக் கொடுப்பார்.

“என்னய்யா எவால்ட், விளக்கு எரியுதா? இல்ல உன் வயிறு மட்டும்தான் எரியுதா?” என்பார் ஹூபர்ட். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். எவால்டும் சிரிப்பதுபோல் உதட்டை இழுத்துக்கொள்வார்.

ஹூபர்ட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பந்தயப் புறா வளர்த்தார். எவால்ட் ட்ரூடாவைக் கட்டினார். 1974இல் சபினா பிறந்தாள், ஒரே மகள். இந்த ஒன்றிலாவது ஹூபர்டை முந்திவிட்டோம் என்று எவால்ட் நினைத்திருந்தார். எட்டு ஆண்டுகள்தான் நினைக்க முடிந்தது. 1982 டிசம்பர் நான்காம் தேதி, சுரங்கத் தொழிலாளர் திருநாள். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு சுரங்கக்காரரை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். எவால்ட் விடியற்காலையிலேயே எழுந்து, பித்தளைப் பொத்தான்களைத் துடைத்து, கறுப்புச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சபினா எதிர்வீட்டுக்குப் போய் ஹூபர்டின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

“அப்பா விளக்குதானே குடுக்கறார்மா,” என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லை. எவால்ட் சீருடையை மடித்து உள்ளே வைத்தார். அன்றிலிருந்து, சபினா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று “மாமா, மாமா” என்று சிரிக்கும் ஒவ்வொரு தடவையும் அவருக்குள் ஏதோ ஒன்று சுருங்கும்.

அந்தச் சபினாவுக்கு 1997 செப்டம்பரில் நிச்சயமானது. கல்யாணம் மறு வருடம் அக்டோபர் பத்து, சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது விருந்துப் பேச்சு வந்தது. சிலேசியாவில் கல்யாண விருந்து என்றால் அதில் பேச ஒன்றும் இல்லை. மாட்டிறைச்சிச் சுருள், நடுவில் குழிவிட்ட உருளைக்கிழங்கு உருண்டை, நீலக்கோஸ். ஊதா நிற முட்டைக்கோஸைத்தான் அங்கே நீலக்கோஸ் என்பார்கள். பெண் வீட்டார் கடையில் கோஸ் வாங்கினார்கள் என்றால் பத்து வருடம் பேசுவார்கள்.

“கோஸ் யார் தோட்டத்துலேர்ந்து?” என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

சபினா யோசிக்காமல், “ஹூபர்ட் மாமா தோட்டத்துல ஒவ்வொண்ணும் பூசணி மாதிரி இருக்கும்,” என்றாள்.

எவால்ட் முள்கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. “என் பொண்ணு கல்யாணத்துக்கு என் தோட்டத்துக் கோஸ்தான்,” என்றார். “வெளியாள்கிட்டேர்ந்து ஒரு இலை வராது.”

எண்பது பேருக்கு இருபத்துநான்கு கோஸ் வேண்டும் என்று ட்ரூடா கணக்குச் சொன்னாள். எவால்ட் அதற்கு முந்தைய ஆண்டில் எடுத்தது மொத்தம் ஏழு. ஒவ்வொன்றும் கைப்பிடிக்குள் அடங்கும்.

நவம்பர் இரண்டாவது வாரம். எவால்ட் தன் தோட்டக் குடிசையின் ஜன்னல் வழியாக ஹூபர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹூபர்ட் ஒற்றைச் சக்கர வண்டியில் ஏதோ பழுப்பாகக் கொண்டுவந்து பாத்தியில் கொட்டி, மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தார். ஆறு வண்டி. எவால்ட் எண்ணினார். காற்றில் கொஞ்சம் பறந்து வேலியைத் தாண்டி வந்தது. ஹூபர்ட் வீட்டுக்குப் போனதும் எவால்ட் குனிந்து அதை விரலால் எடுத்துப் பார்த்தார். மரத்தூள்.

“அதுதானா சங்கதி!” என்றார் வாய்விட்டு. இத்தனை வருடம் இதையா இந்த மனுஷன் மறைத்து வைத்திருந்தான்! அடுத்த வாரமே சுரங்கத்தின் மரக்கிடங்குக்குப் போனார். கீழே கூரைக்கு முட்டுக் கொடுக்கும் பைன் மரங்களை அங்கேதான் அறுப்பார்கள். பழைய ஆள் என்பதால் கேட்டதும் அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். பதினான்கு மூட்டை, அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தூள். ஹூபர்ட் ஆறு வண்டி போட்டால் இவர் இரண்டு மடங்கு போட்டார். ஹூபர்ட் தோட்டத்தில் இல்லாத நாளாகப் பார்த்து மொத்தத்தையும் கோஸ் பாத்தியில் வெட்டிப் புதைத்தார்.

“என்னத்தைப் புதைக்கறே?” என்று ட்ரூடா கேட்டாள்.

“கேக்காதே. அடுத்த வருஷம் பார்.”

1998 மே பதினாறாம் தேதி இருவரும் சந்தையில் ஒரே கிழவியிடம், ஒரே தட்டிலிருந்து நாற்று வாங்கினார்கள். எவால்ட் முப்பத்திரண்டு நட்டார். ஜூன் பாதியில் ஹூபர்டின் செடிகள் ஒன்றோடொன்று இலை உரசி நின்றன. எவால்டின் செடிகள் சாண் உயரம் தாண்டவில்லை. தண்டு பென்சில் கனம். அடியிலைகள் முதலில் வெளுத்து, பிறகு மஞ்சளாகி, தொட்டால் கையோடு வந்தன. எவால்ட் அளவுகோல் வைத்து அளந்தார். பத்து நாளில் ஒரு சென்டிமீட்டர்கூட ஏறவில்லை. மரத்தூள் போட்டும் ஏன் இப்படி என்று அவருக்குப் புரியவில்லை. ஹூபர்ட் வேறு ஏதோ ரகசியமாகச் செய்கிறான் என்றுதான் தோன்றியது.

கடையிலிருந்து உப்புபோன்ற வெள்ளை உரம் ஒரு பை வாங்கிவந்து, காய்ந்த மண்ணில் வேருக்கு வேர் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். மூன்றாம் நாள் எட்டுச் செடி கருகிப்போனது. ட்ரூடா பையைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கோ ஒளித்துவைத்தாள்.

“இது கல்யாண வீட்டுக் கோஸா, சாவு வீட்டுக் கோஸா? இனிமே அந்தப் பாத்திப் பக்கம் நீ கையை நீட்டினே, பார்த்துக்கோ!”

மிஞ்சியது சரியாக இருபத்துநான்கு.

அன்று சாயங்காலம் சபினா வேலியோரம் ஹூபர்டோடு வெகுநேரம் பேசிச் சிரித்துவிட்டு வந்தாள்.

“அப்பா, நம்ம மண்ணுல தழைச்சத்து சுத்தமா இல்லையாம். செடி பட்டினி கிடக்குதாம். மாமா பீப்பாய் நிறைய புறா எச்சத்தை ஊறவெச்சிருக்கார். ரெண்டு வாளி கேட்டு வாங்கிக்கயேன்.”

“நான் போய் அவன்கிட்ட கேக்கணுமா?” என்றார் எவால்ட். “முப்பத்துமூணு வருஷம் அவன்தான் என் ஜன்னல்ல வந்து கை நீட்டினான்.”

“சரி, நான் கேக்கறேன்.”

“நீ கேட்டு வாங்கினா அது அவன் கோஸ்.”

“அட கடவுளே,” என்றாள் சபினா. “செடிக்கு எப்படிப்பா தெரியும் யார் கேட்டாங்கன்னு?”

ஆனால் புறா எச்சம் என்பது எவால்டின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்காமலே எடுத்துவிட்டால்? பீப்பாய் நடைபாதையோரம் நின்றது. மூடியைத் திறந்தால் நாற்பதாம் துண்டு வரைக்கும் நாறும். புறாக்கூண்டு அப்படியில்லை. ஹூபர்டின் தோட்டத்துக் கோடியில், வாதுமை மரத்துக்குப் பின்னால், மரப்பலகையில் ஆள் நுழையும் உயரத்துக்குக் கட்டிய கூண்டு. கதவுக்கு வெறும் கொக்கிதான்.

ஜூலை ஐந்து, ஞாயிற்றுக்கிழமை. அன்று புறாப் பந்தயம். ஹூபர்டின் புறாக்களை மற்றவர்களுடையதோடு சேர்த்து லாரியில் ஜெர்மனிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். காலையில் அங்கே திறந்துவிட்டால் பன்னிரண்டரைக்கு வீடு திரும்பும் என்பது ஹூபர்டின் கணக்கு. அதனால் நிம்மதியாகத் தேவாலயத்துக்குப் பத்து மணிப் பூசைக்குப் போனார். எவால்ட் முழங்கால் வலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. பத்தேகாலுக்கு இரண்டு வாளியும் ஒரு சுரண்டியும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். அந்த வயதில் அது சுலபமாக இல்லை. கால்சட்டை ஓரிடத்தில் கிழிந்தது.

கூண்டுக்குள் பெட்டைகளும் குஞ்சுகளும் முணுமுணுத்தன. எவால்ட் குத்தவைத்து, சுரண்டியைத் தரையில் வைத்தார். சுரண்டினார். நிறுத்தினார். கையில் அள்ளிப் பார்த்தார்.

தரை முழுக்க மரத்தூள் பரப்பியிருந்தது. ஆனால் அது மரத்தூளாக இல்லை. மாதக்கணக்கில் முப்பத்தாறு புறாக்களுக்குக் கீழே கிடந்து, எச்சத்தில் ஊறி, சாம்பல் பழுப்பாகக் கனத்து, கண்ணில் நீர் வரும்படி மூக்கைக் குத்தியது. ஹூபர்ட் வண்டி வண்டியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது இதைத்தான். காற்றில் வேலி தாண்டி வந்தது மேலே காய்ந்து ஒட்டியிருந்த லேசான தூள் மட்டும். எவால்ட் அந்தத் தூளைப் பார்த்து, விருந்து என்று நினைத்து வெறும் இலையைக் கொண்டுவந்து தன் மண்ணுக்குப் போட்டிருக்கிறார். பதினான்கு மூட்டை!

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. கூரையில் ‘தொப்’பென்று சத்தம் கேட்டபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஏழு.

பந்தயப் புறா. பின்காற்று அடித்திருக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் முன்பே வந்துவிட்டது. நுழைவுத் துளை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தது. அறியாத ஆள் இருப்பதைக் கண்டு பின்வாங்கியது. எவால்டுக்கு விதி தெரியும். புறா வந்து சேர்ந்தால் போதாது. உள்ளே நுழைய வேண்டும், காலிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பந்தயக் கடிகாரத்தில் போட்டுத் திருக வேண்டும். அதுவரைக்கும் அது வராத புறாதான்.

வெளியே போனால் பறந்துவிடும். உள்ளே இருந்தால் நுழையாது. ‘என்ன செய்வது’ என்று யோசிக்கும்போதே, யோசிக்கத் தேவையில்லை என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. உட்காரட்டும். கூரையிலேயே உட்காரட்டும். ஹூபர்ட் இந்த ஒரு தடவை தோற்கட்டும். அப்படி நினைத்தபோது வாயில் வெல்லம் வைத்ததுபோல் இருந்தது. நான்கைந்து நிமிடம் அவர் அந்த ருசியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் ஹூபர்ட் ஓடிவந்துவிட்டார். பூசை முடியுமுன்பே, காற்றின் சத்தம் கேட்டு, புறா சீக்கிரம் வந்துவிடும் என்று எழுந்து வந்தவர். கூரையைப் பார்த்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், உள்ளே வாளியோடு எவால்டைப் பார்த்தார். கத்தவில்லை.

“எவால்ட்,” என்றார் கிசுகிசுப்பாக. “அசையாதே. நான் உள்ள வந்தா கதவு ஆடும், அவ பறந்துடுவா. உன் பின்னாடி ஆணியில என் சாம்பல் கோட்டு தொங்குது. அதை எடுத்துப் போட்டுக்கோ.”

“எதுக்கு?”

“அவளுக்கு என் மூஞ்சி அழகு தெரியாது. கோட்டுதான் தெரியும். போடுய்யா!”

எவால்ட் ஹூபர்டின் கோட்டை மாட்டிக்கொண்டார். கை நீளம் கொஞ்சம் அதிகம்.

“இப்ப அந்தச் சோளத் தகர டப்பாவைக் குலுக்கு. அய்யய்யோ, மெதுவா. பொண்ணைத் தாலாட்டற மாதிரி.”

டப்பா மெல்லக் குலுங்கியது. புறா எட்டிப் பார்த்தது, போனது, மறுபடி எட்டிப் பார்த்தது. பிறகு உள்ளே குதித்து நேராக எவால்டின் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் நெஞ்சு அவர் விரல்களுக்குள் படபடவென்று அடித்தது. வளையத்தைக் கழற்றிக் கதவிடுக்கில் நீட்டினார். ஹூபர்ட் கடிகாரத்தில் போட்டுத் திருகினார். பதினொன்று இருபத்துநான்கு.

“பதினேழு நிமிஷம்,” என்றார் எவால்ட் தானாகவே. “பதினொன்று ஏழுக்கே வந்துட்டா.”

அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பதினேழு நிமிடம் முன்னால் அந்த வளையம் விழுந்திருந்தால் வட்டாரத்தில் முதல். விழுந்த நேரத்துக்கு ஒன்பதாவது.

அப்போது கூண்டு வாசலில் ஹூபர்ட் வாளிகளைக் காலால் தட்டினார். “திருட வந்தியா?”

“ஆமா.”

“கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பே.”

“அதுதான் உன் பிரச்சினையா?”

“அதுதான்,” என்றார் எவால்ட்.

பிறகு மரத்தூள் விஷயத்தையும் சொல்லிவிட்டார். அதைச் சொல்லாமல் அந்தப் பதினான்கு மூட்டைக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹூபர்ட் சிரித்தார். சிரிப்பு இருமலானது, நிலக்கரித் தூள் படிந்த நெஞ்சு விசிலடித்தது, வாதுமை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பதினாலு மூட்டையா! பைத்தியக்காரா, பச்சை மரத்தூளை மக்க வைக்கறதுக்கே மண்ணு தன்கிட்ட இருக்கற தழைச்சத்தை எல்லாம் எடுத்துக்கும். செடிக்கு என்ன மிஞ்சும்? ரெண்டு வருஷம் அந்தப் பாத்தி கடன்காரன் மாதிரி உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.”

“ரெண்டு வருஷமா? கல்யாணம் அக்டோபர்ல.”

“தெரியும்யா. சபினா தினம் ஒரு தடவை சொல்றா.”

எவால்டுக்கு அது சுருக்கென்றது. தன்னிடம் அவள் தினம் சொல்வதில்லை.

ஹூபர்ட் வாளிகளை எவால்ட் பக்கம் நகர்த்தினார். “சும்மா குடுத்தா நீ வாங்கமாட்டே. அதனால இப்படி வெச்சுக்குவோம். கல்யாணம் வரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை இந்தக் கூண்டை நீ சுரண்டு. சுரண்டினது உன்னுது. பதினேழு நிமிஷத்துக்கு அதுதான் தண்டனை. ஊறவைக்க நாளாகும், அதுவரைக்கும் என் பீப்பாய்லேர்ந்து எடு, அப்புறம் உன்னுதுலேர்ந்து எனக்கு நிரப்பிக் குடு. ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி. முதல்ல மண்ணை நனைச்சுட்டு ஊத்து. இலைமேல படாம, வேர்ல. பத்து நாளைக்கு ஒரு தடவை. ஆகஸ்டு முடிஞ்சதும் நிறுத்திடு, இல்லாட்டி இலையாவே போகும், உருண்டை பிடிக்காது.”

எவால்ட் ஒப்புக்கொண்டார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் யோசித்தார். பந்தயத்தைக் கெடுத்தது நான், திருடியது நான். கடைசியில் என் மானம் போகாதபடி வழி செய்ததும் அவன்தான். இதிலும் அவனே பெரிய மனுஷன் ஆகிவிட்டான். அவருக்குப் பழைய எரிச்சலைவிட இந்த எரிச்சல் கூடுதலாக இருந்தது.

பதின்மூன்று சனிக்கிழமை சுரண்டினார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஆறு தடவை ஊற்றினார். முதல் மாற்றம் ஜூலை பதினெட்டாம் தேதி தெரிந்தது. நடுக்குருத்தில் மஞ்சள் போய்க் கருநீலம் ஏறியது. ஆகஸ்டு முடிவில் செடிகள் முழங்காலைத் தொட்டன. செப்டம்பரில் உருண்டை பிடித்தது. தினமும் காலையில் தன்னுடையதைப் பார்த்துவிட்டு, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டி ஹூபர்டினதைப் பார்ப்பார். அங்கே எல்லாம் ஒரு மாத வளர்ச்சி முன்னால் இருந்தது.

அக்டோபர் ஏழு, புதன். ட்ரூடா ஒவ்வொரு கோஸையும் இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தாள். இரண்டு வெடித்திருந்தன. ஏழு இன்னும் உள்ளே காற்றாக இருந்தன. மிச்சம் பதினைந்து.

“போதும்,” என்றார் எவால்ட். “ஆளுக்குக் கொஞ்சம் குறைச்சுப் போட்டா சரியாயிடும்.”

“எண்பது பேருக்கும் கரண்டியை நக்கக் குடுக்கவா? என் பொண்ணு கல்யாணம் இது, கஞ்சித் தொட்டி இல்ல.” அவள் பாத்தியைத் தாண்டி வேலியருகே போய் நின்றாள். “ஹூபர்ட்! ஒன்பது குடு!”

எவால்ட் தடுக்க வாயெடுத்தார். ஆனால் எண்பது பேர், பதினைந்து கோஸ் என்பது எப்படிப் பார்த்தாலும் அதே கணக்குதான். ட்ரூடா மேலாடையை மடித்துப் பிடித்து மூன்று நடை சுமந்துவந்தாள். அன்று இரவு சாப்பிடுமுன் எவால்ட் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தார். தன்னுடைய பதினைந்தும் சேர்ந்து பதினாறு கிலோ எண்ணூறு. ஹூபர்டின் ஒன்பதும் சேர்ந்து பத்தொன்பது கிலோ எண்ணூறு. எண்ணிக்கையில் அவர், எடையில் ஹூபர்ட். அதை ட்ரூடாவிடம் சொல்லவில்லை.

கோஸ் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் சீவினார்கள். பன்றிக் கொழுப்பு, வினிகர், வெங்காயம் சேர்த்து ஒரே அண்டாவில் வெந்தது.

கல்யாண மதியம் மாப்பிள்ளையின் தாய் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டார். “சம்பந்தி, கோஸ் பிரமாதம். உங்க தோட்டத்துதானே?”

சபினா அப்பாவைப் பார்த்தாள். இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருந்த ஹூபர்ட் இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. ‘ஆமாம்’ என்று சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார் என்பது எவால்டுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்ல முடியவில்லை.

“பதினஞ்சு என்னோடது,” என்றார். “ஒன்பது ஹூபர்டோடது.”

“அப்ப பெரும்பாலும் உங்களோடதுன்னு சொல்லுங்க.”

“எண்ணிக்கையில,” என்றார் எவால்ட்.

“எடையையும் கேளுங்கம்மா!” என்றார் ஹூபர்ட் வாய் நிறைய உருண்டையோடு. மேசை முழுக்கச் சிரித்தது. எவால்ட் சிரிக்கவில்லை. காது வரைக்கும் சிவந்து, கத்தியால் இறைச்சியைத் தேவைக்கு மேல் அழுத்தினார்.

சபினா வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து தட்டை நீட்டினாள். “அப்பா, எனக்கு இன்னும் கொஞ்சம் கோஸ் போடேன்.”

எவால்ட் கரண்டியை எடுத்தார். கிண்ணத்தில் எல்லாம் ஒரே நிறம், ஒரே வாசனை. ஆனால் ஹூபர்டின் இலைகளில் நடுநரம்பு விரல் தடிமன் இருந்தது, வெந்த பிறகும் வெள்ளையாகத் தெரிந்தது. தன்னுடையதில் நரம்பு நூல்போல இருக்கும். அவர் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, குனிந்து, தடித்த நரம்புத் துண்டுகளைக் கரண்டி நுனியால் ஒன்றொன்றாக ஒதுக்கினார்.

“என்னப்பா தேடறே?” என்றாள் சபினா.

“ஒண்ணுமில்ல, நில்லு,” என்றார் எவால்ட். நூல்நரம்பு இருந்ததாகப் பொறுக்கி எடுத்து அவள் தட்டில் வைத்தார்.